பெறுநர் இல்லாத மனு

என் சித்தப்பா 36 வருஷம் அந்தமானில் இருந்தார். அந்த 36 வருஷமும் மனசளவில் தஞ்சாவூர் ஜில்லாவில்தான் குடியிருந்தார். 2002ல் ஓய்வு பெற்று, தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு சின்ன ஊரில் வீடு கட்டிக் குடிவந்த அன்றிலிருந்து அந்தமானில் குடியிருக்க ஆரம்பித்தார்.

1966ல் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறி, மூன்று நாள் தலைசுற்றலுக்குப் பிறகு போர்ட் பிளேரில் இறங்கிய மத்திய அரசு குமாஸ்தா அவர். (2024 செப்டம்பரில் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சித்தப்பா இருந்திருந்தால் அதற்கும் ஒன்று சொல்லியிருப்பார்.) அந்தத் தீவுகளில் இந்தியாவுக்குப் பெயர் மெயின்லேண்ட். அபர்டீன் பஜாரில் வங்காளி மளிகைக்காரர், ஜங்கிலிகாட்டில் தெலுங்கு மீனவர், ஹாடோ துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தமிழர், எல்லோர் வாயிலும் அந்த வார்த்தைதான். சித்தப்பா அதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னார். மெயின்லேண்டில் கத்திரிக்காய் இப்படியா இருக்கும்? மெயின்லேண்டில் பேப்பர் அன்றைக்கே கையில் கிடைக்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டும்போது, மெயின்லேண்டில் இந்நேரம் பையன்கள் மைதானத்தில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

கடைசிப் புகாரில் நியாயம் உண்டு. நம் கடிகாரம் அலகாபாத் பக்கத்துச் சூரியனுக்காக வைத்தது. தீவுகள் அதற்கு பத்து டிகிரி கிழக்கே இருக்கின்றன. டிகிரிக்கு நான்கு நிமிஷம். அங்கே சூரியன் கடிகாரத்துக்கு நாற்பது நிமிஷம் முந்தி வந்து, முந்திப் போய்விடும்.

ஊருக்கு வந்த பிறகு என்ன சொன்னார் என்கிறீர்கள்? "அங்கேயெல்லாம் மே மாசத்தில் அஞ்சு மணிக்கு முன்னாலேயே பளபளன்னு விடிஞ்சுடும். எவ்வளவு வேலை ஆகும்! இங்கே ஆறு மணி வரைக்கும் தூங்கி வழியறாங்க." மீன் என்றால் அங்கே மீன். காற்று என்றால் அங்கே காற்று. பேப்பர் மட்டும் அன்றைக்கே வந்தது. ஆனால் அதில் படிக்க ஒன்றும் இல்லை.

சித்தி ஒரு முறை என்னிடம் சொன்னாள்: "உங்க சித்தப்பாவுக்கு நல்லது எல்லாம் எப்பவும் கப்பல் ஏறித்தான் வரணும்."

சிரித்தேன். சிரிக்கும் தகுதி எனக்கு இல்லை. என் மகள் ப்ளஸ் டூவில் 1,142 மார்க் வாங்கிக்கொண்டு வந்து நின்ற அன்று நான் கேட்ட முதல் கேள்வி, கணக்கில் ஏன் எட்டு போச்சு என்பது. அவள் பதில் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது. இன்னும் சொல்லவில்லை.

அதிருப்தி எப்போது உணர்ச்சியாக இருப்பதை விட்டுவிட்டுப் பழக்கமாக மாறுகிறது? உணர்ச்சியாக இருந்தால் காரணம் போனதும் அதுவும் போய்விட வேண்டும். பழக்கம் அப்படியில்லை. ஒரு காரணம் போனால் இன்னொன்றைத் தேடிக்கொண்டு வரும். பல்லில் சிக்கிய நார் போன பிறகும் நாக்கு அந்த இடத்துக்கே போய்ப் போய் வருகிற மாதிரி.

தீவுக்காரர்களைப் பற்றித் தப்பாக எழுதிவிடக் கூடாது. அங்கே புலம்ப நிஜமான காரணங்கள் உண்டு. வருஷத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, சென்னையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியும் கோடையில் போர்ட் பிளேர் குழாய்களில் தினம் தண்ணீர் வராது. செங்குத்தான குன்றுகள், பெய்த மழை நேரே கடலுக்கு ஓடிவிடும், நகரத்துக்கு ஆதாரமான தனிக்காரி அணையில் நிற்பதுதான் கணக்கு. மின்சாரத்தின் பெரும்பகுதி டீசலில் ஓடுவது. அந்த டீசலும் கப்பலில் வர வேண்டும். வெங்காயம், உருளைக்கிழங்கு, அவசர வைத்தியம் எல்லாவற்றுக்கும் கடலைத் தாண்டியாக வேண்டும். காலிக் குடத்தோடு வரிசையில் நிற்கிற பெண்ணிடம் போய், 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று சொல்கிறவனைக் குடத்தாலேயே அடிக்கலாம். அந்தப் பழமொழியை அதிகம் விரும்புகிறவர்கள், கேட்டால் கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

ஆனால் அதே ஊரில் இன்னொன்றையும் பார்க்கலாம். நெடுங்காலம் தீவுகளுக்கு வெளியுலகத் தொடர்பு செயற்கைக்கோள் வழியாகத்தான். இன்டர்நெட் நத்தை வேகம். ஒரு விண்ணப்பப் படிவம் திறக்க அரை மணி. 2020 ஆகஸ்ட் 10ந் தேதி சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குப் போட்ட கேபிள் திறந்து வைக்கப்பட்டது. சித்தப்பாவின் பழைய சகா ஒருவரின் மகன் அங்கே கடை வைத்திருக்கிறார். கேபிள் வந்த வாரம் எனக்கு வீடியோவில் பேசினார், முகமெல்லாம் சிரிப்பு. அடுத்த பொங்கலுக்குப் பேசியபோது, "நெட் பரவாயில்லை சார், விமான டிக்கெட் விலையைத்தான் பார்க்க முடியலை" என்றார். 2023 ஜூலையில் புது விமான நிலையக் கட்டடம் திறந்தது. அதைப் பற்றி நான்தான் கேட்க வேண்டியிருந்தது. "ஆமாம், பெரிசா இருக்கு" என்றார். டிக்கெட் விலை விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். என்னை யோசிக்க வைத்தது அது இல்லை. பத்து வருஷம் எந்த நெட்டுக்காக ஏங்கினாரோ, அது ஐந்தே மாதத்தில் 'பரவாயில்லை' ஆகிவிட்டது.

இதை மனோதத்துவக்காரர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1978ல் அமெரிக்காவில் ஃபிலிப் பிரிக்மன் என்பவரும் அவரது சகாக்களும் லாட்டரியில் பெரும் தொகை விழுந்த 22 பேரை, விழாத 22 பேரோடு ஒப்பிட்டார்கள். விபத்தில் கை கால் செயலிழந்த 29 பேரையும் பேட்டி கண்டார்கள். லாட்டரிக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி சந்தோஷமாக இல்லை. அதோடு, தினசரிச் சின்ன விஷயங்களில் - காலைச் சாப்பாடு, நண்பரோடு அரட்டை - அவர்களுக்குக் கிடைத்த ருசியும் குறைவு. பத்திரிகை படிப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பது என் பிழைப்புக்கு நல்ல சேதியில்லை. விபத்தில் சிக்கியவர்களும் மற்றவர்கள் அளவுக்கே சந்தோஷமாக இருந்தார்கள் என்று மேடைகளில் சொல்கிறார்கள். அது தவறு, அவர்கள் குறைவாகத்தான் இருந்தார்கள். வலி வலிதான். ஆனால் நாம் கற்பனை செய்கிற அளவுக்குப் பாதாளத்தில் இல்லை. சிறிய ஆய்வு, இருபது பேரை வைத்துக்கொண்டு மனித குலத்தைத் தீர்மானிக்க முடியாது. என் சித்தப்பாவைப் புரிந்துகொள்ள எனக்கு அது போதும்.

ஒரு பெரிய அடி விழுந்தால் புத்தி வரும் என்கிறார்கள். அதுவும் பார்த்தாகிவிட்டது. 2004 டிசம்பர் 26. அந்தமான் நிக்கோபாரில் மட்டும் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். நாட்டின் தென்கோடியான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. கச்சல் தீவு கிட்டத்தட்டத் துடைக்கப்பட்டது. சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை எழுபதுகளில் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றிய தீவு அது. சித்தப்பாவுக்கு அங்கே தெரிந்தவர்கள் இருந்தார்கள். ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிப்போயிருந்தால்கூடக் குடித்தார். சித்தி அதைத்தான் பயத்தோடு சொன்னாள்: "ஆறின காபியைக் குடிச்சுட்டு டம்ளரைக் கீழே வைக்கிறார்டா, ஒண்ணுமே சொல்லலை."

நாற்பது நாள். நாற்பத்தொன்றாம் நாளோ என்னவோ, பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று ஆரம்பித்துவிட்டார். சித்தி நிம்மதிப் பெருமூச்சு விட்டாளாம்.

அந்தச் சுனாமிக்குப் பிறகு நிக்கோபாரிகளுக்கு நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தென்னை, பன்றி, தோணி, துஹேத் என்கிற கூட்டுக் குடும்பம் இவற்றால் செல்வத்தை அளந்த ஜனங்கள். நிவாரணம் தனித்தனிக் குடும்பத்துக்குப் பணமாகவும் தகர வீடாகவும் வந்தது. மோட்டார் சைக்கிளும் டி.வி.யும் வந்தன, கூட்டுக் குடும்பங்கள் உடைந்தன. அவர்கள் முன்பு சொர்க்கத்தில் இருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காய்ச்சலுக்கு மருந்தில்லாத இடம் சொர்க்கம் ஆகாது. ஆனால் ஒரு சமூகத்தின் அளவுகோலையே மாற்றிவிட்டால், நேற்று வரை நிறைந்திருந்தது இன்று குறைவாகத் தெரியும். பெருநகரங்களில் நமக்கு அந்த அளவுகோலை தினமும் கைபேசியில் மாற்றிக்கொடுக்கிறார்கள்.

சரி, வழி என்ன? 2003ல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒரு முறை, நன்றி சொல்லத் தோன்றிய ஐந்து விஷயங்களை எழுத வேண்டும். இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டிய ஐந்தை எழுத வேண்டும். பத்து வாரம் கழித்துப் பார்த்தால் முதல் பிரிவினருக்குத் தங்கள் வாழ்க்கை மேல் அபிப்பிராயம் உயர்ந்திருந்தது. உடற்பயிற்சிகூட அதிகம் செய்திருந்தார்கள். நானும் முயன்றேன். மூன்றாவது வாரம் 'காபி' என்று எழுதினேன். நாலாவது வாரம் மறுபடி காபி. ஐந்தாவது வாரம், காபி முன்போல் இல்லை என்று எழுதியிருந்தேன். சிலருக்கு இது பலிக்கிறது. எங்கள் குடும்ப ரத்தத்துக்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது.

அந்த வேறு எது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் தடயம் போர்ட் பிளேரிலேயே இருந்தது. 1991ல் அங்கே போயிருந்தேன். வருகிற விருந்தாளிகளையெல்லாம் செல்லுலார் ஜெயிலுக்கு அழைத்துப் போவது சித்தப்பாவின் கடமை. போகிற வழியெல்லாம் வெயிலைத் திட்டுவது உரிமை. 1896ல் கட்ட ஆரம்பித்து 1906ல் முடித்த ஜெயில். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி ஏழு கட்டடங்கள். ஏறக்குறைய 700 தனிக் கொட்டடிகள். ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைத்தான் பார்க்கும். எதிரே இன்னொரு மனித முகம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே போட்ட பிளான். இன்று மூன்று கட்டடங்கள் மிச்சம்.

அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் நீ புலம்பலாமா என்று கேட்கிற வாதம் எனக்குப் பிடிக்காது. அடுத்தவன் கால் முறிந்ததால் என் பல்வலி போவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. அவர்களும் அதிருப்தி அடைந்தவர்கள்தான். இந்தியாவிலேயே அதிகம் அதிருப்தி அடைந்தவர்கள். 1933 மே 12ந் தேதி அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? தின்னக்கூடிய சாப்பாடு. சோப்பு. படுக்க ஒரு படுக்கை. கொட்டடியில் விளக்கு. படிக்கப் புத்தகமும் பத்திரிகையும். ஒருவரோடு ஒருவர் பேச அனுமதி. வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே பால் புகட்டியதில் மகாவீர் சிங், மோஹித் மைத்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் என மூன்று பேர் இறந்தார்கள். 46 நாளுக்குப் பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது. விளக்கு வந்தது, புத்தகம் வந்தது. ஜெயிலுக்குள் வகுப்புகள் நடந்தன. 1937 ஜூலையில் இரண்டாம் உண்ணாவிரதம், இந்த முறை தாயகம் திரும்பக் கேட்டு. 1938 ஜனவரிக்குள் அரசியல் கைதிகள் எல்லோரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

வெள்ளைக்காரன் நாட்டையே பிடித்து வைத்திருக்கிறான். இவர்கள் மனுவில் இருப்பது சோப்பு. அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகப் பட்டது. யாரிடம், எதை, இப்போது கேட்க முடியும் என்று பிரித்துத் தெரிந்தவர்களால்தான் அப்படி எழுத முடியும் என்பது புரிய வயது ஆக வேண்டியிருந்தது. சித்தப்பாவின் புகார்களிலோ என் புகார்களிலோ இந்தப் பிரிவினையே கிடையாது. பால்காரர், சூரியன், அண்ணன் மகன், அரசாங்கம், மழை எல்லாம் ஒரே மூட்டை.

அதைப் பிரிக்க வழி கண்டுபிடித்தது சித்தி. ஆய்வெல்லாம் படித்தவள் இல்லை. 2009 வாக்கில், சித்தப்பா கப்பலில் கொண்டுவந்த மரப்பெட்டியைக் குடைந்தபோது எழுதப்படாத பழைய ரிஜிஸ்தர் ஒன்று கிடைத்தது. காலிகோ அட்டை, சிவப்புக் கோடு. அதை அவர் முன்னால் வைத்தாள். "ஏங்க, ஆபீசில் யாராவது வாயால சொன்னா மனுவை எடுத்துப்பீங்களா?" "எப்படி எடுக்கறது? எழுத்திலே இருக்கணும்." "அப்ப இனிமே எனக்கும் எழுத்திலே கொடுங்க. வாயால சொன்னா நான் எடுத்துக்க மாட்டேன்."

அவர் மறுத்திருக்கலாம். ஆனால் கோடு போட்ட ரிஜிஸ்தரைக் கண்டால் தலைமை குமாஸ்தாவுக்குக் கை சும்மா இருக்காது. வரிசை எண், தேதி, பொருள், பெறுநர், நடவடிக்கை என்று ஐந்து பத்தி பிரித்தார். முதல் மாதம் அறுபது சொச்சம் பதிவுகள். நான் போயிருந்தபோது பெருமையாகக் காட்டினார். அச்சு மாதிரிக் கையெழுத்து. பெறுநர் பத்தியில் ஐம்பதுக்கு மேல் வெறும் கோடு. 'மாலைக் காற்று இல்லை'. பெறுநர் கோடு. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்'. கோடு. 'இந்நேரம் ஹாடோவில் கப்பல் வந்திருக்கும்'. கோடு.

"பெறுநர் இல்லாததை டிஸ்பாட்ச் பண்ண முடியாதே" என்றார் சித்தப்பா. யாரோ எதிராளி செய்த தவறைச் சொல்கிற குரலில்.

பெறுநர் இருந்த ஏழெட்டுக்கும் அவர் உண்மையாகவே மனு எழுதினார். தெருச் சாக்கடை சரியானது. பேருந்து நிழற்குடைக்கு மூன்று நினைவூட்டல், இரண்டு வருஷம் ஆனது, வந்தது. அண்ணன் மகனுக்கு, அதாவது எனக்கு, ஒரு கடிதம் வந்தது: பொருள், மூன்று மாதமாகப் போன் செய்யாமை தொடர்பாக. அன்றைக்கே போன் செய்தேன்.

பழக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். குறைந்தது. எழுதுகிற சோம்பலிலேயே பாதி குறைந்தது. ஒரு நாள் சாப்பாட்டில் உப்பில்லை என்று வாயைத் திறந்தவர், ரிஜிஸ்தர் மாடியில் இருந்ததால் சும்மா சாப்பிட்டுவிட்டார் என்று சித்தி சொன்னாள்.

அடுத்த வருஷம் ஒரு நாள் அவர் ரிஜிஸ்தரைத் திறந்தபோது அவர் எழுதாத பதிவு ஒன்று இருந்தது. பென்சிலில், கோணல் எழுத்தில். பெறுநர் பத்தியில் அவர் பெயர். பொருள்: போர்ட் பிளேர் எனக்குப் பிடித்திருந்தது தொடர்பாக. டெலானிபூர் வீட்டின் பின்படியில் மூன்று மணிக்கு வேலையெல்லாம் முடித்து உட்கார்ந்தால் இரண்டு தென்னைக்கு நடுவில் கடல் தெரியும். ஐந்தரைக்கு நீங்கள் வந்து மெயின்லேண்ட் என்பீர்கள், நான் எழுந்துவிடுவேன். முப்பத்தொரு வருஷம். அந்தப் படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சித்தப்பா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு, 'பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். 2011 ஜனவரியில் இருவரும் கப்பலில் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தார்கள். படி இருந்ததாம். கடல்தான் தெரியவில்லை, எதிரே மூன்று மாடிக் கட்டடம். "என்ன சொன்னார்?" என்று சித்தியிடம் கேட்டேன். "என்னத்தைச் சொல்றது, ரிஜிஸ்தரை எடுத்துட்டுப் போகலையே" என்றாள். "பக்கத்திலே உட்கார்ந்தார்."

சித்தப்பா 2019ல் காலமானார். ரிஜிஸ்தர் இப்போது என்னிடம் இருக்கிறது. கடைசி முப்பது பக்கம் காலி. அதில் என் பதிவுகளை எழுதி வருகிறேன். பெறுநர் பத்தியில் எனக்கும் கோடுகள்தான் அதிகம். போன மாதம் 'மகள் மனம்விட்டுப் பேசுவதில்லை' என்று எழுதி, பெறுநர் இடத்தில் அவள் பெயரைப் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடித்துவிட்டேன். அது அவள் எழுத வேண்டிய மனு. பெறுநர் நான்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன். அந்த மார்க் விஷயம், அன்றைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்றேன். எந்த மார்க் என்று அவள் கேட்கவில்லை. சற்று நேரம் மௌனம்.

"எட்டு இல்லைப்பா, ஏழு" என்றாள்.